இரண்டாவது முறை முடி நடலாமா, எப்போது நடலாம்: முழுமையான வழிகாட்டி

ராணிப்பேட்டையில் ஒரு டேனரியில் தோல் தரம் பிரிப்பது என் வேலை. வடக்குப் பக்க ஜன்னலோரம் மேசை போட்டு, பகல் வெளிச்சத்தில் ஆட்டுத்தோலை விரித்து, கிரெயின் பார்த்து ரகம் சொல்ல வேண்டும். கிரெயின் என்பது வேறொன்றும் இல்லை, முடி இருந்த துளைகளின் வரிசை. சுண்ணாம்பில் போட்டு முடியை எடுத்த பிறகும் துளை அப்படியே நிற்கும்.

2022-ல் குடும்பத்தோடு திருமலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டேன். கல்யாணகட்டாவை விட்டு வெளியே வந்ததும் என் மனைவி பின்மண்டையை செல்போனில் படம் எடுத்து, "என்னங்க, இது ஒரு மாதிரி இருக்குதே" என்று காட்டினாள். இடது காதுக்குப் பின்னால் வெள்ளைப் புள்ளிகள், ஒன்றோடொன்று ஒட்டினாற்போல. வலது பக்கம் அங்கொன்றும் இங்கொன்றும். நடுவில் இரண்டு விரல் அகலத்துக்குத் தோல் வெளுத்திருந்தது. 2015-ல், 26 வயதில், நான் செய்துகொண்ட முதல் முடி நடவின் தடம் அது. 2400 கிராஃப்ட், அதாவது 2400 முடிக்கூட்டு, என்று பணம் வாங்கினார்கள். எங்கிருந்து எத்தனை எடுத்தார்கள் என்பதற்கு ரசீதைத் தவிர வேறு தாள் என்னிடம் இல்லை.

அந்த நேரத்தில் நான் இரண்டாவது நடவுக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் படம்தான் என்னை நிறுத்தியது. அதன் பிறகு ஒன்றரை வருடம் பொறுத்து, கணக்குப் போட்டு, 2024 ஜனவரியில் செய்துகொண்டேன். காட்பாடி, ஆற்காடு, ஆம்பூர் பக்கம் இருந்து என்னிடம் விசாரிக்கும் தம்பிகளுக்குச் சொல்வதையெல்லாம் இங்கே வரிசையாக எழுதுகிறேன். டாக்டரிடம் போவதற்கு முன் நீங்கள் தயாராவதற்காக இது. டாக்டருக்கு மாற்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

படி 1: மாதத்தை எண்ணுங்கள்

முதல் நடவு முடிந்து எத்தனை மாதம் ஆயிற்று? 12 மாதம் ஆகவில்லை என்றால் இரண்டாவது பற்றி யோசிக்கவே வேண்டாம்.

வயலில் நட்ட நாற்று முதலில் வெளுக்கும், பிறகுதான் பச்சை பிடிக்கும். நட்ட முடியும் அப்படித்தான். இரண்டாம் வாரத்திலிருந்து ஆறேழு வாரத்துக்குள் நட்ட முடியில் பெரும்பகுதி கொட்டிவிடும். வேர் உள்ளே இருக்கும். மூன்று, நான்காம் மாதம் பூனைமுடி போல முளைக்கும். ஆறாம் மாதம் பாதி தெரியும். முன்பக்கம் முழுசாக நிற்க ஒரு வருடம் ஆகும். உச்சி இன்னும் மெதுவாக வளரும், 15 முதல் 18 மாதம் வரை கூட எடுத்துக்கொள்ளும். ஆறாம் மாதக் கண்ணாடியைப் பார்த்து "வரவே இல்லை" என்று முடிவு கட்டி, இரண்டாவதுக்கு அட்வான்ஸ் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

இந்த ஒரு வருடம் பின்மண்டைக்கும் வேண்டும். முடி எடுத்த இடத்தில் உள்ளே தழும்பு ஆறி, தோல் பழையபடி நெகிழ வேண்டும். நீளமாகத் தோலை வெட்டி எடுத்துத் தைக்கும் எஃப்யூடி முறையில் செய்தவர்களுக்கு இது மிக முக்கியம். தோல் இறுக்கமாக இருக்கும்போது மறுபடி வெட்டினால் தழும்பு அகலமாகும்.

மாதம் ஒரு படம் எடுத்து வையுங்கள். ஒன்றாம் தேதி, அதே ஜன்னல், அதே நேரம், முடி ஈரமாக ஒன்று, காய்ந்து ஒன்று. முன், உச்சி, இரண்டு பக்கம், பின் என்று ஐந்து கோணம். பாத்ரூம் பல்பு வெளிச்சத்தில் எடுத்தது உதவாது. மேலிருந்து அடிக்கும் விளக்கு யார் தலையையும் சொட்டையாகக் காட்டும்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. முன்வரிசையில் முடியைத் தப்பான கோணத்தில் நட்டிருந்தால், அல்லது நெற்றியில் மிகக் கீழே நட்டிருந்தால், அவற்றை எடுத்துவிடுவது பற்றி ஒரு வருடத்துக்கு முன்பே டாக்டரிடம் பேசலாம்.

படி 2: இரண்டாவது எதற்கு என்று எழுதுங்கள்

ஒரு தாளில் ஒரே வரியில் எழுதுங்கள். "இன்னும் அடர்த்தி வேண்டும்" என்று மட்டும் எழுதினால் போதாது. காரணத்தைப் பொறுத்து முடிவு மாறும்.

முதல் நடவிலேயே உச்சியை விட்டுவிட்டு முன்பக்கம் மட்டும் செய்வது என்று திட்டம் போட்டிருந்தால், இரண்டாவது அந்தத் திட்டத்தின் மிச்சம். இது நல்ல காரணம். நட்டது நன்றாக நிற்கிறது, ஆனால் அதன் பின்னால் இருந்த சொந்த முடி உதிர்ந்து இடைவெளி விழுந்துவிட்டது என்றால், முதலில் உதிர்வை நிறுத்த வேண்டும். அதற்கு அடுத்த படி. எனக்கு நடந்தது இதுதான். முன்னால் மூன்று விரல் அகலத்துக்கு முடி, அதன் பின்னால் வெறும் தலை.

நட்டதே சரியாக முளைக்கவில்லை என்றால் நிலைமை வேறு. ஏன் முளைக்கவில்லை என்று தெரியாமல் மறுபடி நடக்கூடாது. எடுக்கும்போது வேர் அறுந்திருக்கலாம். எடுத்ததை வெளியே நெடுநேரம் காய விட்டிருக்கலாம். சிகரெட், கட்டுப்பாடில்லாத சர்க்கரை காரணமாக இருக்கலாம். அல்லது உங்கள் தலைத்தோலிலேயே ஒரு நோய் இருக்கலாம். லைக்கன் பிளேனோபைலாரிஸ் என்று ஒன்று உண்டு, முடியின் வேரைச் சுற்றி அழற்சி வந்து வேரைத் தழும்பாக்கிவிடும். அந்த நோய் செயலில் இருக்கும்போது எத்தனை நட்டாலும் தங்காது. அரிப்பு, எரிச்சல், முடியடியில் சிவப்பு, செதில் இருந்தால் சந்தேகப்பட வேண்டும். தலைத்தோலில் சின்னதாக ஒரு துண்டு எடுத்துப் பயாப்ஸி பார்த்தால் தெரிந்துவிடும். இதற்கு முடி நடும் மையத்துக்குப் போகாமல் தோல் மருத்துவரிடம் போங்கள். பக்கத்தில் வேலூர் சிஎம்சி-யில் (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை) தோல் பிரிவு இருக்கிறது. மாவட்டத்தில் நல்ல தோல் மருத்துவர்களும் இருக்கிறார்கள்.

டெங்கு, டைபாய்டு போன்ற காய்ச்சலுக்குப் பிறகு இரண்டு மூன்று மாதத்தில் கொத்துக் கொத்தாக முடி கொட்டும். பெரும்பாலும் தானாகவே திரும்பி வரும். அந்தச் சமயத்தில் தலையைப் பார்த்து எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.

படி 3: உதிர்வு நின்றதா என்று பாருங்கள்

வழுக்கை முதல் நடவோடு நின்றுபோகாது. முன்னும் உச்சியும் உள்ள சொந்த முடியை டிஹெச்டி என்ற ஹார்மோன் மெல்ல மெல்ல மெலியவைத்துக்கொண்டே இருக்கும். நட்ட முடி நிற்கும், பக்கத்தில் இருந்தது போகும். 26 வயதில் இது எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

முதலில் வீட்டு ஆல்பத்தை எடுங்கள். அப்பா, பெரியப்பா, சித்தப்பா, இரண்டு பக்கத் தாத்தா, தாய்மாமன் எல்லோரையும் 30, 40, 50 வயதில் பாருங்கள். அம்மா வழிதான் முக்கியம் என்று ஒரு பேச்சு உண்டு. அம்மா வழிக்குப் பங்கு இருப்பது உண்மை, ஆனால் அப்பா வழியையும் தள்ளிவிட முடியாது. எங்கள் நைனாவுக்கு 45 வயதில் காதுக்கு மேலும் பின்னாலும் மட்டும்தான் முடி இருந்தது. வழுக்கையை அளக்கும் நார்வுட் அளவுகோலில் 1 முதல் 7 வரை நிலைகள் உண்டு, நைனா 6-ல் இருந்தார். ஆக நானும் அங்கே போகக்கூடும் என்று வைத்துத்தான் என் கணக்கைப் போட வேண்டும்.

அடுத்தது மருந்து. ஆண்களுக்கு ஃபினாஸ்டரைடு 1 மில்லிகிராம் மாத்திரை, தலையில் போடும் மினாக்ஸிடில் 5 சதவீதம். இந்த இரண்டும்தான் நெடுநாளாகச் சோதித்துப் பார்த்தவை. குறைந்தது ஆறு மாதம், சரியாகச் சொன்னால் ஒரு வருடம் விடாமல் எடுத்துக்கொண்டால்தான் பலன் தெரியும். மினாக்ஸிடில் ஆரம்பித்த முதல் சில வாரங்களில் முடி அதிகமாகக் கொட்டும். பயந்து நிறுத்திவிடாதீர்கள், பழைய முடி போய்ப் புதுசுக்கு இடம் விடுகிறது.

ஃபினாஸ்டரைடு எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது. சிலருக்குப் பாலுறவு ஆர்வம் குறைவது, விறைப்பில் சிக்கல், மனச்சோர்வு வரலாம். கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். குழந்தைக்கு முயற்சி செய்கிறவர்கள் ஆரம்பிக்கும் முன்பே பேசிவிடுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் உடைந்த மாத்திரையை அவர் தொடக்கூடாது. புரோஸ்டேட்டுக்காக எடுக்கும் பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனையில் இந்த மாத்திரை அளவைப் பாதியாகக் குறைத்துக் காட்டும், அதனால் எந்த டாக்டரிடம் போனாலும் மாத்திரை சாப்பிடுவதைச் சொல்ல வேண்டும். ரத்த தானம் கொடுக்கப் போனாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

2022-ல் நான் பார்த்த டாக்டர் என் தலையைப் பத்து நிமிடம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இப்ப நடுவுல நட்டுட்டா அடுத்த வருஷம் அதுக்குப் பின்னாடி கொட்டும். அப்புறம் மூணாவதுக்கு வருவீங்க, எடுக்கறதுக்கு முடி இருக்காது. ஒரு வருஷம் மருந்து சாப்பிட்டுட்டு வாங்க சார், அப்புறம் பேசுவோம்." அன்று ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், நட வேண்டிய பரப்பே கால்வாசி குறைந்திருந்தது. மெலிந்து கிடந்த முடி தடித்துவிட்டது. கத்தி படாமல் கிடைத்த லாபம் அது.

மருந்தே வேண்டாம், நடவு மட்டும் போதும் என்பவர்களிடம் நான் ஒன்றுதான் சொல்வேன். அப்படியென்றால் உங்கள் சொந்த முடி முழுக்கப் போய்விடும் என்று வைத்துக்கொண்டு திட்டம் போடுங்கள். 25 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் இரண்டாவது பற்றிப் பேசுவதே அவசரம்.

படி 4: பின்மண்டையில் என்ன மிச்சம் என்று கணக்கெடுங்கள்

முழு வழிகாட்டியிலும் இதுதான் கனமான படி. மற்றதையெல்லாம் மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

பின்மண்டை முடியை முன்னால் நட்டால் அது பின்மண்டை முடியாகவே வாழும். இடம் மாறினாலும் குணம் மாறாது. 1950-களில் நியூயார்க்கில் நார்மன் ஓரன்ட்ரைக் என்ற மருத்துவர் இதைக் காட்டியதால்தான் முடி நடவே சாத்தியமானது. வேலூர்க்காரர்களுக்கு இதற்கு இன்னும் பக்கத்தில் ஒரு சாட்சி உண்டு. 1940-களின் இறுதியிலிருந்து இங்கே சிஎம்சி-யில் தொழுநோயாளிகளின் கைகளைச் சீரமைத்த மருத்துவர் பால் பிராண்ட், புருவம் உதிர்ந்தவர்களுக்குத் தலைத்தோலில் ஒரு துண்டை அதன் ரத்தக் குழாயோடு நகர்த்திப் புருவமாக வைத்தார். அந்தப் புருவம் தலைமுடியாகவே வளர்ந்தது, கத்தரித்துவிட வேண்டியிருந்தது.

ஆனால் எடுத்த இடத்தில் மறுபடி முளைக்காது. பின்மண்டை கிணறு மாதிரி ஊறாது. ஒருமுறை போட்ட முதலீடு, அவ்வளவுதான்.

இப்போது கணக்கு. ஒரு கிராஃப்ட் என்பது ஒரே துளையில் கூட்டாக வளரும் 1 முதல் 4 முடி, சராசரியாக 2 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக 2000 கிராஃப்ட் என்றால் சுமார் 4000 முடி. பின்மண்டையில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 65 முதல் 85 கூட்டு வரை இருப்பது வழக்கம், நம்மவர்களில் பலருக்குக் கொஞ்சம் குறைவாகவும் இருக்கும். அதில் பாதி வரை போனாலும் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது, அதைத் தாண்டினால் பூச்சி அரித்த கம்பளி மாதிரி தெரியும். ஒருவருடைய வாழ்நாள் முழுக்கப் பின்மண்டையிலிருந்து எடுக்கக்கூடியது பெரும்பாலும் 4000 முதல் 6000 கிராஃப்ட்தான். முதல் தடவை எடுத்ததை இதில் கழியுங்கள். மிச்சம்தான் உங்கள் கையிருப்பு.

கழித்து வரும் எண்ணும் காகிதத்தில்தான். துளை போட்டு ஒவ்வொன்றாக எடுக்கும் எஃப்யூஇ முறையில் முதல் தடவை ஒரே பக்கமாக மொய்த்து எடுத்திருந்தால், அந்தப் பக்கத்தை இனித் தொட முடியாது. ஏற்கெனவே எடுத்த இடத்தில் உள்ளே தழும்புச் சதை இறுகியிருக்கும். பக்கத்து வேர்கள் கோணலாகத் திரும்பியிருக்கும். அதனால் இரண்டாவது தடவை எடுக்கும்போது வேர் அறுபடுவது அதிகம். எனக்கு வாழ்நாள் கணக்கு 5000, எடுத்தது 2400, மீதி 2600 என்று நினைத்தேன். டாக்டர், தலைத்தோலைப் பெரிதாக்கிக் காட்டும் டிரைக்கோஸ்கோப் கேமராவை ஒவ்வொரு இடமாக வைத்துப் பார்த்து 1800 என்றார்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. பின்மண்டையைப் பூஜ்ஜியம் அல்லது ஒன்றாம் நம்பர் மெஷினில் ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள். மொட்டை வேண்டுதல் ஏதாவது இருந்தால் இரண்டாவது நடவுக்கு முன்பே முடித்துவிடுங்கள், பின்மண்டையை இதைவிடத் தெளிவாகப் பார்க்க வழியில்லை. காலை வெளிச்சத்தில், நிழல் விழாமல், இடது, நடு, வலது என்று மூன்று படம் எடுக்கச் சொல்லுங்கள். ஒரு அட்டையில் ஒரு சென்டிமீட்டர் சதுரம் வெட்டி, அதை மண்டையில் வைத்து உள்ளே தெரியும் கூட்டுகளைப் படத்தைப் பெரிதாக்கி எண்ணலாம். தோல் மேசையில் நாங்கள் செய்வதும் ஏறக்குறைய இதுதான். நடுவை மட்டும் பார்த்து ரகம் சொன்னால் ஓரம் ஏமாற்றிவிடும், அதனால் நாலைந்து இடத்தில் எண்ணுங்கள்.

அப்புறம் டாக்டரிடம் மூன்று எண்கள் கேளுங்கள்: சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை கூட்டு, ஒரு கூட்டில் சராசரி எத்தனை முடி, பின்மண்டையிலேயே மெலிந்த முடி எத்தனை சதவீதம். கடைசி எண் 20-ஐத் தாண்டினால் எச்சரிக்கை. பின்பக்க முடியும் மெலிந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம், அதை எடுத்து முன்னால் நட்டால் அங்கேயும் மெலியும். தலை முழுக்கப் பரவலாக மெலிகிற இந்த வகைக்காரர்கள் இரண்டாவது மட்டுமில்லை, முதல் நடவே செய்திருக்கக் கூடாதவர்கள்.

கையிருப்பு போதாவிட்டால் தாடி முடி உண்டு. தாடைக்குக் கீழே இருந்து எடுப்பார்கள். அது தடிமனாகவும் சுருளாகவும் இருக்கும் என்பதால் நடுத்தலைக்குச் சரி, முன்வரிசைக்குச் சரிவராது. நெஞ்சு முடி பலனில் பலவீனம். எஃப்யூஇ-யில் எடுத்தவர்களுக்கு எஃப்யூடி-யில் இன்னும் கொஞ்சம் கிடைக்கலாம், ஆனால் காதிலிருந்து காதுக்கு ஒரு கோடு விழும். பிள்ளைகளின் காதுகுத்து, குலதெய்வம் என்று மொட்டை போடும் குடும்பமாக இருந்தால் அந்தக் கோட்டை நினைத்துப் பாருங்கள்.

படி 5: எவ்வளவு பரப்பு, எத்தனை வேண்டும்

இங்கே சின்னக் கணக்குதான். முன்பக்கம் 12 சென்டிமீட்டர் நீளம், 3 சென்டிமீட்டர் அகலம் என்றால் 36 சதுர சென்டிமீட்டர். அதற்கு 40 கிராஃப்ட் வீதம் 1440. உச்சி வட்டம் 10 சென்டிமீட்டர் குறுக்களவு என்றால் பரப்பு 78 சதுர சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல், 35 வீதம் போட்டால் 2750 ஆகிறது. உச்சி எவ்வளவு விழுங்குகிறது என்று பாருங்கள். அதுவும் யார் கண்ணிலும் முதலில் படாத இடம். மிச்சம் 2000-க்குக் கீழே இருந்தால் உச்சியை விட்டுவிட்டு முன்னும் நடுவும் பார்ப்பதுதான் புத்தி. உச்சிக்கு மருந்து நன்றாகவே கேட்கும்.

கையிருப்பு முழுவதையும் இரண்டாவதிலேயே தீர்த்துவிடாதீர்கள். 40-களில் இன்னும் உதிரும். நான் 1800-ல் 1400 மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கணக்குப் போட்டுப் பார்த்து, போதாது என்று வந்தால், செய்யாமல் இருப்பதும் ஒரு முடிவுதான். முடி இழைத் தூள் தூவி மெலிவை மறைக்கலாம். தலைத்தோலில் மை வைத்துப் புள்ளி போடும் மைக்ரோ பிக்மென்டேஷன் பின்மண்டைத் தழும்பையும் மறைக்கும். என் கூட வேலை செய்யும் ஒரு அண்ணன் இரண்டாவதை விட்டுவிட்டு முடியை ஒட்ட வெட்டிக்கொண்டார், ரொம்ப நன்றாக இருக்கிறார்.

படி 6: யாரிடம்

2016 மே மாதம், சென்னையில் ஒரு மையத்தில் முடி நட்டுக்கொண்ட சென்னை மருத்துவக் கல்லூரி இறுதியாண்டு மாணவர் ஒருவர், உடல் மோசமாகி வேலூருக்குக் கொண்டுவரப்பட்டு இங்கே உயிரிழந்தார். நான் முதல் நடவு செய்து ஒரு வருடம் கூட ஆகாத நேரம். அந்தச் செய்தியைப் படித்த அன்றுதான், எனக்கு ஊசி போட்டது யார், அவர் டாக்டரா என்பது கூட எனக்குத் தெரியாது என்று உறைத்தது.

2022 செப்டம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் முடி நடவுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. முறையான பயிற்சி பெற்ற, பதிவு செய்த மருத்துவர்தான் செய்ய வேண்டும், பயிலரங்கிலோ யூடியூபிலோ பார்த்ததைப் பயிற்சியாகக் கொள்ள முடியாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. தோல் மருத்துவமோ பிளாஸ்டிக் சர்ஜரியோ படித்தவரா என்று கேளுங்கள். பதிவு எண் வாங்கி மருத்துவ கவுன்சில் பட்டியலில் சரிபாருங்கள்.

மரத்துப்போகும் ஊசிக்கும் ஒரு உச்ச அளவு உண்டு. அட்ரினலின் கலந்த லிக்னோகெயின் உடல் எடை ஒரு கிலோவுக்கு 7 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. 60 கிலோ ஆளுக்கு 420 மில்லிகிராம். ஒரே நாளில் 4000, 5000 கிராஃப்ட் என்று இழுத்துக்கொண்டே போனால் ஊசியும் கூடிக்கொண்டே போகும். எடை பார்த்தார்களா, ஆக்சிஜனும் அவசர மருந்தும் அறையிலேயே இருக்கிறதா, முடியும் வரை டாக்டர் கூடவே இருப்பாரா? கேட்டால் கோபப்படுகிற இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

இரண்டாவதுக்கென்றே சில கேள்விகள் உண்டு. ஏற்கெனவே ஒருமுறை செய்த தலைகளில் உங்களுக்கு அனுபவம் இருக்கிறதா? பின்மண்டையை எந்தெந்த இடத்தில் எடுப்பீர்கள், வரைந்து காட்ட முடியுமா? முன்பு நட்ட முடிக்கு இடையில் நடும்போது அதற்குச் சேதம் வராமல் எப்படிப் பார்ப்பீர்கள்? "அன்லிமிடெட் கிராஃப்ட்" என்று விளம்பரம் செய்யும் இடத்தில் இந்தக் கேள்விகளுக்குப் பதில் இருக்காது. பின்மண்டையில் அன்லிமிடெட் என்று எதுவும் கிடையாது.

குறைந்தது இரண்டு டாக்டர்களைப் பாருங்கள். அதில் ஒருவராவது நடவு செய்து சம்பாதிக்காத தோல் மருத்துவராக இருக்கட்டும். காட்பாடியில் ரயில் ஏறினால் சென்னையும் பெங்களூரும் எட்டும் தூரம்தான், ஆனால் மறுநாள் கட்டுப் பிரிக்க, தலை கழுவ, பத்தாம் நாள் காட்ட என்று திரும்பத் திரும்பப் போக வேண்டும். அதையும் சேர்த்து யோசியுங்கள்.

பணம்

கிராஃப்டுக்கு இவ்வளவு என்று சொல்வதைக் கேட்டு வராமல், மொத்தத் தொகையை எழுதி வாங்குங்கள். வழுக்கைக்கான முடி நடவுக்கு மருத்துவச் சேவை என்ற வரிவிலக்கு கிடையாது, 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. காப்பீடு பெரும்பாலும் தராது. மருந்துக்கு மாதாமாதம் ஆகும் செலவையும் கூட்டுங்கள். கடன் வாங்கித்தான் செய்ய வேண்டும் என்றால் இன்னொரு வருடம் தள்ளிப் போடுங்கள், முடி ஓடிப்போகாது.

படி 7: நாள் குறிப்பது

கத்திரி வெயிலில் வேண்டாம். மே மாதம் வேலூரில் 40 டிகிரியைத் தாண்டும், நட்ட தலையில் வெயிலும் வியர்வையும் பட்டுக்கொண்டே இருந்தால் புண் ஆற நாளாகும். ஐப்பசி முதல் மாசி வரை நல்ல காலம்.

சபரிமலைக்கு மாலை போடுகிறவர்கள் மலைக்குப் போய் வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். புது நடவின் மேல் இருமுடி ஏற்ற முடியாது. கல்யாணம் நிச்சயமாகியிருந்தால் ஒரு வருடம் முன்பே முடிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் கல்யாணத்துக்குப் பிறகுதான். இரண்டாவதிலும் முதல் மூன்று நான்கு மாதம் தலை முன்பைவிட மோசமாகத் தெரியும். அதோடு, ஏற்கெனவே அங்கே நிற்கும் முடியும் அதிர்ச்சியில் கொஞ்சம் கொட்டும். முதல் தடவை வெற்றுத்தலையில் நட்டதால் இது தெரிந்திருக்காது. இரண்டாவதில் இருக்கும் முடியும் போகிறதே என்று மனம் ரொம்பக் கலங்கும். பெரும்பாலும் அது திரும்பிவிடும், ஆனால் மிக மெலிந்திருந்த முடி வராமலே போகலாம்.

வேலையில் குறைந்தது பத்து நாள் லீவு கேளுங்கள். டேனரி, ஷூ கம்பெனிக்காரர்கள் பதினைந்து நாள் போடுங்கள். தூசும் ஸ்ப்ரே வாடையும் புண்ணுக்கு ஆகாது. பைக்கில் போகிறவர்கள் இரண்டு வாரம் பஸ்ஸில் போங்கள், ஹெல்மெட் போடாமல் ஓட்டுவது வழியாகாது.

அதற்கு முன் ரத்தப் பரிசோதனைகள்: ஹீமோகுளோபின், சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி, தைராய்டு, ஃபெரிட்டின் (உடலின் இரும்புச்சத்து இருப்பு). பீடி, சிகரெட்டை முன்னும் பின்னும் குறைந்தது இரண்டு வாரம் தொடக்கூடாது, ரத்தக் குழாயைச் சுருக்கி நட்ட வேரைப் பட்டினி போடும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதய டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக்கூடாது.

படி 8: செய்த பிறகு

முதல் ஐந்து இரவு தலையணையை உயர்த்தி, சாய்ந்தவாறு தூங்குங்கள். மூன்றாம் நாள் நெற்றியும் கண்ணும் வீங்கும், அதுவே வடியும். சொன்ன நேரத்துக்கு உப்புநீர் தெளியுங்கள். பொருக்கைக் கிள்ளாதீர்கள், பத்து நாளில் தானே போகும். ஒரு மாதத்துக்கு எண்ணெய்க் குளியல் இல்லை, தீபாவளியாக இருந்தாலும். காய்ச்சல், சீழ், கூடிக்கொண்டே போகும் வலி, தோல் கறுப்பது இவற்றில் எது வந்தாலும் அன்றே டாக்டரைப் பாருங்கள். மருந்தை நிறுத்தாதீர்கள்.

மறுபடியும் ஒன்றாம் தேதிப் படங்கள், மறுபடியும் 12 மாதம்.

மையத்தை விட்டுக் கிளம்பும் முன் ஒரு தாள் கேட்டு வாங்குங்கள். எந்தத் தேதி, எந்த முறை, இடதில் எத்தனை, நடுவில் எத்தனை, வலதில் எத்தனை, எங்கே எத்தனை நட்டது, துளை போட்ட பஞ்ச் என்ன அளவு, டாக்டரின் கணிப்பில் இன்னும் எத்தனை மிச்சம் என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். டாக்டர் கையெழுத்தும் வேண்டும். 2015-ல் என்னிடம் இந்தத் தாள் இருந்திருந்தால், 2022-ல் ஒரு மதியம் முழுக்கப் புள்ளிகளை எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. இரண்டாவது முறை கேட்டு வாங்கினேன். "மீதி சுமார் 400" என்று நீல மையில் எழுதிக் கொடுத்திருக்கிறார்.